வாத்தியாருக்கும் ஒரு பள்ளிக்கூடம்!

மேட்டுப்பாளையத்தில் இருந்து கோவைக்குப் போகும் ரோட்டில், காரமடையைத் தாண்டினால் பெரியநாயக்கன்பாளையம் வரும். சுற்றிலும் மில்களும் இயந்திரத் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. ஷிப்டு முடிந்து சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருவார்கள்.

அந்த ஊரில் மரங்கள் அடர்ந்த ஒரு பெரிய இடம் உண்டு. அங்கே நூலும் நூற்பதில்லை, இரும்பும் வார்ப்பதில்லை. வாத்தியார்களைத் தயார் செய்கிறார்கள்!

"வாத்தியாருக்குமா ஒரு பள்ளிக்கூடம்? படித்தவர்தானே, தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறார்" என்று சிலர் நினைக்கலாம். ஒரு காலத்தில் நாடு முழுவதும் அப்படித்தான் நினைத்தது. தெரிந்திருப்பது வேறு, தெரிந்ததைச் சொல்லிக் கொடுப்பது வேறு என்று நாம் ஒப்புக்கொள்ள நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

திண்ணையில் ஆரம்பம்

பழைய காலத்தில் ஊருக்கு ஊர் திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்தது. வாத்தியார் ஒரு பெரிய வீட்டுத் திண்ணையில் உட்காருவார். பிள்ளைகள் எதிரே மணலைப் பரப்பி, விரலால் "அ" எழுதுவார்கள். கை பழகிய பிறகு ஓலையும் எழுத்தாணியும் வரும். பீசு என்பது நெல்லோ, கம்போ, சோளமோ. சில வீடுகளில் காசு.

அந்த வாத்தியாருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? பெரும்பாலும் அவருடைய அப்பாதான்! அப்பாவும் வாத்தியார், தாத்தாவும் வாத்தியார். அவர்கள் அடித்தார்கள், இவரும் அடித்தார். பையனின் இரண்டு கையையும் உத்தரத்துக் கயிற்றைப் பிடிக்கச் செய்து தொங்கவிடும் "கோதண்டம்" என்ற தண்டனையைத் தாத்தாக்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

ஆனால் ஒரு நல்ல பழக்கமும் அந்தத் திண்ணையில் இருந்தது. முன்னால் படித்த பையன், பின்னால் வந்த பையனுக்குச் சொல்லிக் கொடுப்பான். அவன்தான் சட்டாம்பிள்ளை. எழும்பூரில் சிப்பாய்களின் அனாதைப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி இருந்தது. 1789-ல் அதற்குத் தலைவராக வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். ஒரு நாள் அவர் தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தம்முடைய விடுதியிலும் மணலைப் பரப்பினார். ஒரு 8 வயதுப் பையனைச் சட்டாம்பிள்ளை ஆக்கினார். பிறகு சீமைக்குப் போய் 1797-ல் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். இங்கிலாந்தில் பல பள்ளிகள் அந்த வழியைப் பின்பற்றின. "மதராஸ் முறை" என்றே அதற்குப் பெயர். நம் திண்ணை கப்பல் ஏறி லண்டன் போன கதை இது!

7 ரூபாய் சம்பளம்

1822-ல் சென்னை மாகாண கவர்னராக இருந்தவர் சர் தாமஸ் மன்றோ. "உங்கள் ஜில்லாவில் எத்தனை பள்ளிக்கூடம்? யார் யார் படிக்கிறார்கள்? கணக்கு அனுப்புங்கள்" என்று எல்லாக் கலெக்டர்களுக்கும் அவர் உத்தரவு போட்டார். அப்போது கோவைக்குக் கலெக்டர் ஜான் சல்லிவன். ஊட்டியை உண்டாக்கிய அதே சல்லிவன்தான். கோவை ஜில்லாவில் 763 பள்ளிக்கூடங்கள் என்று கணக்குப் போயிற்று. மாகாணம் முழுவதும் சேர்த்து 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள்.

கணக்கைப் பார்த்த மன்றோ, 1826-ல் ஒரு குறிப்பு எழுதினார். அதில் அவர் கண்ட பெரிய குறை என்ன தெரியுமா? வாத்தியாரின் சம்பளம்! மாதம் 6 அல்லது 7 ரூபாய்க்கு மேல் வாத்தியாருக்குக் கிடைப்பதில்லை. அந்த வருமானத்துக்குத் தகுதி உள்ளவர் யார் வருவார் என்று கேட்டார். ஜில்லாத் தலைநகரங்களில் நல்ல பள்ளி வைத்து, வாத்தியாருக்கு மாதம் 15 ரூபாய் கொடுக்கலாம், தாலுகாக்களில் 9 ரூபாய் கொடுக்கலாம் என்று திட்டம் போட்டார். அந்த வாத்தியார்களை முதலில் சென்னையில் வைத்துப் பழக்க வேண்டும் என்றும் சொன்னார். வேலையும் ஆரம்பமானது.

மறு வருஷமே, 1827-ல், மன்றோ காலராவில் இறந்துபோனார். அவருக்குப் பின் வந்தவர்களுக்கு அந்த அக்கறை இல்லை. 1836-ல் திட்டத்தையே மூடிவிட்டார்கள். நல்ல காரியம் ஒரு மனிதரின் உயிரோடு கட்டப்பட்டிருந்தால் இப்படித்தான் ஆகும்.

"வக்கத்தவன் வாத்தியார், போக்கத்தவன் போலீஸ்" என்று நம் பக்கம் ஒரு சொல் வழக்கம் உண்டு. "வாக்குக் கற்றவன் வாத்தியார், போக்குக் கற்றவன் போலீஸ் என்பதுதான் சரி" என்று சிலர் திருத்துவார்கள். எது சரியோ! 7 ரூபாய்ச் சம்பளத்தைப் பார்த்த ஊர், முதல் சொல்லைத்தான் நம்பியது.

சைதாப்பேட்டை வாத்தியார்

மன்றோவுக்கு முன்பே பாதிரிமார்கள் இந்தப் பக்கம் கொஞ்சம் முயன்றது உண்டு. 1716-லேயே தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷன்காரர்கள் உபாத்தியாயர்களைப் பழக்க ஒரு பள்ளி வைத்தார்கள். ஆனால் சர்க்கார் மறுபடி கண்ணைத் திறந்தது 1854-ல்தான். வாத்தியார் வேலைக்குத் தனியாகப் பயிற்சி வேண்டும் என்று அந்த ஆண்டு லண்டனில் இருந்து எழுதினார்கள். 1856-ல் சென்னையில் சர்க்கார் பயிற்சிப் பள்ளி வந்தது. அது பிறகு சைதாப்பேட்டைக்குப் போய், பெரிய ஆசிரியர் கல்லூரி ஆயிற்று. பின்னாளில் நாட்டுக்கே ஜனாதிபதியான டாக்டர் ராதாகிருஷ்ணன், வாத்தியார் பயிற்சி பெற்றது அங்கேதான். செப்டம்பர் 5-ந் தேதி அவருடைய பிறந்த நாளைத்தான் 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

அங்கே படித்துத் தேறினால் "எல்.டி." பட்டம். பெயருக்குப் பின்னால் "பி.ஏ., எல்.டி." என்று போர்டு எழுதிக்கொண்ட ஹெட்மாஸ்டர்களைக் கண்டு ஊரே எழுந்து நின்ற காலம் ஒன்று இருந்தது.

ஆனால் பாடம் எல்லாம் இங்கிலீஷ். இருப்பது பட்டணம். அங்கே பழகிய வாத்தியார், காரமடைக்கு அப்பால் ஒரு குக்கிராமத்துக்கு வருவாரா? ஜில்லாக்களில் சின்னப் பயிற்சிப் பள்ளிகளும் வரத்தான் செய்தன. ஆனாலும் பட்டிக்காட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது பெரும்பாலும் பழைய திண்ணையும் பழைய பிரம்பும்தான்.

ருஷியாவிலும் இதே கதை!

இந்தக் கஷ்டம் நமக்கு மட்டும் வந்ததல்ல. ருஷியாவில் 1861 வரை கோடிக்கணக்கான குடியானவர்கள் பண்ணை அடிமைகள். அடிமைத்தனம் ஒழிந்த பிறகு, 1864 முதல், ஜில்லா சபைகள் கிராமத்தில் பள்ளிக்கூடம் திறக்க ஆரம்பித்தன. பள்ளிக்கூடம் வந்துவிட்டது, வாத்தியார் எங்கே?

வோல்கா நதிக்கரையில் சிம்பிர்ஸ்க் என்ற ஜில்லா. அங்கே 1869-ல் பள்ளி இன்ஸ்பெக்டராக வந்தவர் இலியா உலியானவ். காகிதத்தில் இருந்த பள்ளிகள் பல, நேரில் போய்ப் பார்த்தால் இல்லை! சில இடங்களில் கோயில் ஊழியரோ, வேலையை விட்டு வந்த பழைய சிப்பாயோதான் வாத்தியார். உலியானவ் முதலில் கட்டடத்தைத் தேடவில்லை. வாத்தியாரைத் தேடினார். 1872-ல் போரெட்ஸ்கொயே என்ற கிராமத்தில் வாத்தியார் பயிற்சிப் பள்ளி வரப் பாடுபட்டார். அவர் பழக்கிய வாத்தியார்களுக்கு "உலியானவ் ஆட்கள்" என்றே பெயர் வந்தது. அவருடைய மகன் ஒருவனை உலகம் முழுவதும் அறியும். லெனின்!

அந்த ஊரில் இன்னொரு மனிதரும் இருந்தார். அவர் பெயர் இவான் யாகவ்லெவ். ருஷியரும் அல்ல, பணக்காரரும் அல்ல. "சுவாஷ்" என்ற சின்ன இனத்தில் பிறந்த அனாதை. 1868-ல், தாமே இன்னும் மாணவராக இருந்தபோது, தம் இனத்துப் பையன்கள் சிலரைக் கூட்டி வைத்துச் சோறு போட்டுப் படிக்க வைத்தார். எழுத்துச் சரியாக அமையாத அவர்களுடைய பேச்சுக்கு எழுத்து அமைத்தார். அந்தச் சின்ன விடுதி வளர்ந்து வாத்தியார் பயிற்சிப் பள்ளி ஆயிற்று. அதில் படித்தவர்கள் தங்கள் கிராமங்களுக்கே திரும்பிப் போய்த் தாய்மொழியில் சொல்லிக் கொடுத்தார்கள்.

யாகவ்லெவ் 1930-ல் காலமானார். அதே 1930-ல்தான் கோவையில் ஒரு வக்கீல், சில பையன்களைக் கூட்டி வைத்து ஒரு விடுதி தொடங்கினார். இவர் அவரை அறிய மாட்டார். ஆனாலும் போன வழி ஒன்றாகவே இருந்தது.

வக்கீல் தொழிலை விட்டவர்

அந்த வக்கீல்தான் தி.சு. அவிநாசிலிங்கம் செட்டியார். 1903-ல் திருப்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் சட்டம் படித்தார். வக்கீல் தொழிலில் நிலைத்திருந்தால் மாடி மேல் மாடி கட்டியிருக்கலாம். அவர் காந்திஜியின் பின்னால் போனார். பலமுறை சிறைக்கும் போனார். கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

ராமகிருஷ்ண பரமஹம்சரின் சீடரான சுவாமி சிவானந்தரிடம் அவருக்குப் பக்தி அதிகம். "நல்ல மனிதனை உண்டாக்கும் படிப்பு வேண்டும்" என்ற எண்ணத்தோடு, கோவையில் ஒரு சிறிய வீட்டில், விரல்விட்டு எண்ணக்கூடிய பையன்களுடன் வித்யாலயத்தை ஆரம்பித்தார். ஆரம்பத்திலேயே சேர்க்கப்பட்டவர்களில், அந்த நாளில் அரிஜன் என்று சொல்லப்பட்ட ஒடுக்கப்பட்ட வகுப்புப் பையனும் உண்டு.

இன்று படிக்கும்போது இது சாதாரணமாகத் தோன்றும். 1930-ல் கொங்கு நாட்டில் இது சாதாரணம் அல்ல. ஊர்க் கிணற்றில் வாளி விட முடியாது. டீக்கடையில் தனிக் குவளை. கோயில் வாசலைத் தாண்ட முடியாது. அப்படிப்பட்ட காலத்தில் எல்லாச் சாதிப் பையன்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது என்றால், எத்தனை வீட்டில் பெற்றவர்கள் பையனை அனுப்பத் தயங்கியிருப்பார்கள்! "படிப்பு வேண்டுமா, சாதி வேண்டுமா?" என்று ஒவ்வொரு குடும்பமும் தனக்குள்ளே கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. பாடப் புத்தகத்தில் இல்லாத முதல் பாடம் அதுதான்.

பிறகு பெரியநாயக்கன்பாளையத்தில் நிலம் கிடைத்தது. 1934-ல் தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணத்தில் வந்த மகாத்மா காந்தி அங்கே அடிக்கல் நாட்டினார்.

கட்டடத்தை விடப் பெரிய சொத்து, அங்கே வந்து சேர்ந்த வாத்தியார்கள். ஒருவரைச் சொன்னால் போதும். ஈரோடு பக்கத்து மொடக்குறிச்சிக்கு அருகில் பிறந்த பெரியசாமித் தூரன். இசைப் பாடல்கள் எழுதிப் பேர் பெற்றவர். வாலிப வயதிலேயே வித்யாலயத்தில் ஆசிரியராகச் சேர்ந்து, 1948 வரை அங்கே இருந்தார். குழந்தையின் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி எளிய தமிழில் புத்தகங்கள் எழுதினார். பையன் ஏன் பொய் சொல்கிறான், ஏன் பயப்படுகிறான் என்று தெரியாத வாத்தியாருக்குப் பிரம்பு ஒன்றுதான் துணை. தெரிந்த வாத்தியாருக்குப் பிரம்பு எதற்கு?

தக்ளியும் துடைப்பமும்

1937-ல் வார்தாவில் காந்திஜி ஒரு மாநாடு கூட்டினார். 7 ஆண்டு இலவசப் படிப்பு, தாய்மொழியில் பாடம், கூடவே ஒரு கைத்தொழில். இதுதான் "ஆதாரக் கல்வி". டாக்டர் ஜாகீர் உசேன் தலைமையில் ஒரு குழு இதற்குத் திட்டம் வகுத்துக் கொடுத்தது.

இதில் வாத்தியார் பாடு சுலபம் அல்ல. பையன் தக்ளியில் நூல் நூற்கிறான் என்று வையுங்கள். எத்தனை கஜம் நூற்றான் என்பதில் கணக்குச் சொல்லித் தர வேண்டும். பருத்தி எந்த மண்ணில் விளைகிறது என்பதில் பூகோளம். வெள்ளைக்காரன் துணி இங்கே எப்படி வந்தது என்பதில் சரித்திரம். நூற்கத் தெரிந்தவருக்குச் சரித்திரம் தெரியாது. சரித்திரம் தெரிந்தவருக்கு நூல் அறுந்துபோகும்! ஆகவே வாத்தியார்களை முதலில் இருந்து பழக்க வேண்டி வந்தது.

ஆதாரப் பயிற்சிப் பள்ளிகளில் வாத்தியார் ஆகப்போகிறவர்கள் சேர்ந்தே குடியிருந்தார்கள். முறைபோட்டுச் சமைத்தார்கள். முறைபோட்டுக் கக்கூஸ் கழுவினார்கள். எரு தயாரித்தார்கள். வீட்டில் துடைப்பத்தைத் தொட்டறியாத பிள்ளைகளுக்குப் பரீட்சையை விட இதுதான் கஷ்டமாக இருந்திருக்கும். இந்தப் பயிற்சியைத் தாங்கியவர், நாளைக்குத் தன் வகுப்பில் ஒரு பிள்ளையைத் தள்ளி உட்கார வைக்கத் தயங்குவார் அல்லவா?

1946 முதல் 1949 வரை அவிநாசிலிங்கம் சென்னை மாகாணக் கல்வி மந்திரியாக இருந்தார். ஆதாரக் கல்விக்கு ஊக்கம் தந்தார். தமிழில் பாடம் நடத்த வாத்தியாருக்குத் தமிழில் புத்தகம் வேண்டுமே! அதற்காகத் தமிழ் வளர்ச்சிக் கழகம் 1946-ல் ஏற்பட்டது. தமிழில் முதல் கலைக்களஞ்சியம் 10 தொகுதிகளாக வெளிவந்தது அந்தக் கழகத்தால்தான். அதற்குத் தலைமைப் பதிப்பாசிரியராகப் போனவர் யார்? நம் தூரன்! முதல் தொகுதி வந்தது 1954-ல்.

ஆனால் ஆதாரக் கல்வி நீடித்து நிற்கவில்லை. "ஏனுங்க, நூல் நூக்கறதுன்னா எங்க ஊட்டுலயே நூப்பானே! அதுக்கா பள்ளிக்கோடம்?" என்கிற மாதிரி ஏழைக் குடியானவன் கேட்டால், அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பணக்காரப் பிள்ளைக்கு இங்கிலீஷ், ஏழைப் பிள்ளைக்குத் தக்ளியா என்ற கேள்வி அது. 1953-ல் ராஜாஜி அரை நாள் பள்ளித் திட்டம் கொண்டுவந்தார். அது குலத்தொழில் கல்வி என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது. 1954-ல் திட்டம் கைவிடப்பட்டது. அதன் பிறகு பள்ளியில் கைத்தொழில் என்றாலே மக்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மெல்ல மெல்ல ராட்டினங்கள் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன.

பின் பெஞ்சில் இருந்து ஒரு கண்

1950-ல் வித்யாலயத்தில் ஆசிரியர் கல்லூரி வந்தது. பட்டம் பெற்றவர்களை வாத்தியார் ஆக்கும் கல்லூரி அது. காந்திஜி பெயரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கும் தனியாக ஒரு பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. பட்டணத்தில் அல்ல, கிராமத்து நடுவிலேயே!

சரியான சமயம் அது. காமராஜர் 1954-ல் முதல் மந்திரி ஆனார். ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார். 1956-ல் மதிய உணவுத் திட்டம் வந்தது. சோறு வந்ததும் ஆடு மேய்த்த பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். ஒரு வாத்தியார் 5 வகுப்பையும் கட்டி மேய்த்த பள்ளிகள் எத்தனையோ! பயிற்சி பெற்ற ஆளுக்கு எங்கும் தேவை.

அப்படி என்னதான் பயிற்சி? குழந்தை மனநூல், பள்ளி நிர்வாகம், பாடம் நடத்தும் முறை என்று புத்தகப் படிப்பு ஒரு பக்கம். ஆனால் எல்லோருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்வது பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்தும் அந்தச் சில வாரங்களில்தான். முதல் நாள் இரவே பாடக்குறிப்பு எழுத வேண்டும். எதைச் சொல்லப் போகிறோம், எந்தப் பொருளைக் காட்டப் போகிறோம், என்ன கேள்வி கேட்போம், கரும்பலகையில் எதை எழுதுவோம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வகுப்பில் பின் பெஞ்சில் பேராசிரியர் வந்து உட்காருவார். கூடப் படிப்பவர்களும் சில சமயம் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பாடம் முடிந்ததும் ஒவ்வொருவராகக் குறை சொல்வார்கள். "கரும்பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினீர்கள்." "முன் வரிசையையே கேட்டீர்கள். மூலையில் இருந்த பையனைப் பார்க்கவே இல்லை." "பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள்." பட்டம் வாங்கிய ஆளுக்கும் அன்று வியர்த்துவிடும்.

இந்த வித்தையின் உயிர்நாடி ஒன்றுதான். தெரிந்ததில் தொடங்கித் தெரியாததற்குப் போக வேண்டும். மேட்டுப்பாளையத்துப் பிள்ளைக்கு நதியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் கங்கையில் ஆரம்பிக்கக் கூடாது. ஊருக்குள்ளேயே ஓடும் பவானியில் ஆரம்பிக்க வேண்டும். மழைக்காலத்தில் ஏன் செந்நீராக வருகிறது? அந்த மண் எங்கே இருந்தது? நீர் எங்கே போய்க் காவேரியில் சேர்கிறது? இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் கங்கை தானாக வரும். பின்னத்துக்குப் பாக்கு மண்டித் தராசு போதும்.

பெண்களும் வந்தார்கள்

பெண் வாத்தியாரின் கதையைத் தனியாகவே எழுதலாம். பெண் குழந்தையை ஆண் வாத்தியாரிடம் அனுப்ப மாட்டோம் என்று பெற்றோர் பிடிவாதம் பிடித்த காலம். பெண் வாத்தியார் வேண்டுமானால் பெண் படித்திருக்க வேண்டும். பெண் படிக்க வேண்டுமானால் பெண் வாத்தியார் வேண்டும்! இந்த முடிச்சைச் சென்னையில் அவிழ்த்தவர் சகோதரி சுப்பலட்சுமி. தாமே பால்ய விதவை. தலை மழித்து மூலையில் உட்கார வைக்கப்பட்ட இளம் விதவைகளைத் தம் இல்லத்துக்கு அழைத்துவந்து, படிக்க வைத்து, வாத்தியார் ஆக்கினார். 1922-ல் சென்னையில் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தபோது அவருடைய பங்கு பெரிது.

கோவையில் அந்த வேலையை எடுத்துக்கொண்டவரும் அவிநாசிலிங்கம்தான். 1957-ல் பெண்களுக்கு மனையியல் கல்லூரி தொடங்கினார். அதை வளர்த்தவர் டாக்டர் ராஜம்மாள் தேவதாஸ். சத்துணவு ஆராய்ச்சியில் பெயர் பெற்ற அம்மையார். அந்தக் கல்லூரி 1988-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பிள்ளைக்குப் பாடமும் வேண்டும், வயிற்றுக்குச் சத்தும் வேண்டும் என்பதை அங்கே சேர்த்தே கற்றார்கள்.

இன்று நிலை என்ன?

அவிநாசிலிங்கம் 1991-ல் காலமானார். அவர் போனபின் வாத்தியார் படிப்பில் எவ்வளவோ மாறுதல்கள். "எல்.டி." போய் "பி.டி." ஆகி, "பி.எட்." ஆயிற்று. ஒரு வருஷப் படிப்பு 2015-ல் இருந்து 2 வருஷம் ஆனது. நடுவில் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு தனியார் பயிற்சிப் பள்ளிகள் முளைத்தன. நகையை அடகு வைத்துப் பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோர் ஆயிரம் ஆயிரம். சர்டிபிகேட் கையில் வந்தது, வேலை வரவில்லை. சேர ஆள் இல்லாமல் பல பள்ளிகள் மூடப்பட்டன.

கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு தகுதித் தேர்வு கட்டாயம் ஆயிற்று. 2012-ல் தமிழ்நாட்டில் நடந்த முதல் தேர்வை 6 லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். தேறியவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். 100-க்கு ஒருவர்கூட இல்லை! "நேரம் போதவில்லை" என்று புகார் எழுந்து, நேரத்தைக் கூட்டி, அதே ஆண்டில் மறு தேர்வு வைத்தார்கள். பரீட்சை கடினம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். சர்டிபிகேட் கொடுத்த அத்தனை பள்ளிகளிலும் பின் பெஞ்சில் உட்கார்ந்து பாடத்தைக் கவனித்தவர் யாராவது இருந்தார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

பெரியநாயக்கன்பாளையத்தில் இப்போது இன்னொரு பயிற்சியும் நடக்கிறது. பேலூரைத் தலைமையிடமாகக் கொண்ட விவேகானந்தர் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் 2005-ல் ஏற்பட்டது. அதன் கிளை ஒன்று வித்யாலய வளாகத்தில் இருக்கிறது. கண் தெரியாத பிள்ளை, காது கேளாத பிள்ளை, புத்தி வளர்ச்சி தாமதமான பிள்ளை ஆகியோருக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்களை அங்கே தயார் செய்கிறார்கள். கண் தெரியாத குழந்தைக்கு எழுத்து என்பது காகிதத்தில் புடைத்து நிற்கும் புள்ளிகள். அதை விரல் நுனியால் தடவித் தடவிப் படிக்க வேண்டும். அந்தக் குழந்தைக்குச் சொல்லித் தர வேண்டுமானால், கண் நன்றாகத் தெரிகிற வாத்தியாரும் முதலில் அந்தப் புள்ளி எழுத்தைக் கற்றாக வேண்டும்.